குறிப்பேடு நம் கையில் இருக்கட்டும்

கடைக் கணக்கு எழுதாத வியாபாரி இன்று அநேகமாக இல்லை என்றே சொல்லிவிடலாம். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியாது. கொள்முதல் பில், விற்பனை பில், ரிட்டர்ன் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆடிட்டரிடம் காட்டி, உரிய தேதிக்குள் அனுப்பிவிடுகிறோம். ஒரு நாள் தவறினால் தாமதக் கட்டணம் என்ற பயமே நம்மை ஒழுங்காக எழுத வைத்துவிட்டது.

ஆனால் அதே வியாபாரியிடம், "போன வருடம் வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவானது? சீட்டில் இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள்? கைமாற்றாக யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? நகைக் கடனில் அசல் எவ்வளவு நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்கள். சிலர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுப்பார்கள். இன்னும் சிலர், "எல்லாம் மனசிலே இருக்கிறது" என்பார்கள்.

சர்க்காருக்குக் காட்டும் கணக்கு இருக்கிறது. நமக்கு நாமே பார்த்துக்கொள்ளும் சொந்தக் கணக்கு இல்லை. இரண்டாவது கணக்கு என்றதும் வேறு எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். மறைப்பதற்கான கணக்கைச் சொல்லவில்லை. வீட்டுக்கும் குடும்பத்துக்கும் உரிய நேர்மையான கணக்கைத்தான் சொல்கிறோம். அதை எழுத வேண்டும் என்பதோடு, எதில் எழுத வேண்டும், எழுதியதை எப்படி அடுக்கி வைக்க வேண்டும் என்பதையும் நம் சங்க உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லாவும் வீட்டுப் பணப் பெட்டியும்

சிறு வியாபாரியின் பெரிய பலவீனம் கல்லாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் இல்லாததுதான். காலையில் பால்காரருக்குக் கல்லாவிலிருந்து கொடுக்கிறோம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கடைக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் அனுப்புகிறோம். வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் கடையிலிருந்தே போகிறது. அதற்குப் பில் கிடையாது. க்யூ.ஆர். அட்டையை ஒட்டியபோது கையில் இருந்த சேமிப்புக் கணக்கையே இணைத்துவிட்டவர்களுக்கு விற்பனைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே தொட்டியில் விழுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் வீட்டுச் செலவுக்கு எடுப்பது ரூ.15,000 என்றால் வருடத்துக்கு ரூ.1,80,000. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சரக்கு மாதம் ரூ.6,000 வீதம் ரூ.72,000. பள்ளிக் கட்டணம் ரூ.40,000. சீட்டு மாதம் ரூ.5,000 வீதம் ரூ.60,000. ஆக மொத்தம் ரூ.3,52,000 கடையை விட்டு வெளியே போயிருக்கிறது. அந்த வருடம் கடையின் நிகர லாபம் ரூ.3,30,000 என்று வைத்துக்கொள்வோம். லாபம் வந்தும், கடையின் முதலில் ரூ.22,000 கரைந்துவிட்டது. இப்படி நாலைந்து வருடம் போனால் அலமாரியில் சரக்கு குறையும். மொத்த வியாபாரியிடம் பாக்கி ஏறும். "வியாபாரம் முன்னைப் போல இல்லை" என்று ஊரைக் குறை சொல்வோம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீட்டில் கட்டிய ரூ.60,000 செலவாகிப் போனதல்ல. குடும்பத்தின் கையில் சொத்தாக நிற்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் கடையில் ரூ.22,000 குறைந்தாலும் குடும்பத்துக்கு மொத்தத்தில் ரூ.38,000 கூடியிருக்கிறது. குடும்பம் இளைத்ததா, தழைத்ததா என்பதைக் கடைக் கணக்கு சொல்லாது. கடை, வீடு, சீட்டு, நகைக் கடன், கைமாற்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் சொந்தக் கணக்கு ஒன்றுதான் சொல்லும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னது வீட்டுக்குப் போடுவதற்கும் பொருந்தும்.

சிட்டை, குறிப்பேடு, பேரேடு

நம் பழைய கணக்குப்பிள்ளைகள் வேலை செய்த முறையை நினைவுக்குக் கொண்டுவருவோம். நடந்ததை நடந்தபோதே கிறுக்கி வைப்பது சிட்டை. மாலையில் அதைத் தேதி வாரியாகப் பற்று, வரவு பிரித்து எழுதுவது குறிப்பேடு. அங்கிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இனத்துக்கும் உரிய பக்கத்தில் ஏற்றுவது பேரேடு. கடைசியில் எல்லாப் பக்கத்தையும் கூட்டி ஐந்தொகை எடுத்தால் கணக்கு நேராகிறதா என்று தெரிந்துவிடும்.

இந்த முறை உலகத்து வியாபாரிகளுக்கெல்லாம் பொதுவானது. 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில், அந்த நகரத்து வணிகர்கள் வைத்திருந்த மூன்று புத்தகங்களைப் பற்றி எழுதினார். ஒன்று கிறுக்கல் புத்தகம், ஒன்று நாள்வாரிக் குறிப்பேடு, ஒன்று பேரேடு. பெயர்தான் வேறு, வரிசை நம் கணக்குப்பிள்ளையின் வரிசையேதான்.

இதில் அறிவு வேண்டிய வேலை குறிப்பேட்டில் எழுதுவது. எந்தப் பணம் எங்கிருந்து எங்கே போனது என்று முடிவு செய்வது அங்கேதான். பேரேட்டில் ஏற்றுவதும் கூட்டுவதும் பொறுமை வேண்டிய வேலை. கம்ப்யூட்டருக்கு அலுப்பு கிடையாது. ஆகவே நாம் குறிப்பேட்டை மட்டும் எழுதினால் போதும். பேரேட்டையும் ஐந்தொகையையும் வேண்டும்போதெல்லாம் அது எடுத்துக் கொடுத்துவிடும்.

இந்த எண்ணத்தில் எழுந்ததுதான் வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் கணக்கு வைக்கும் முறை. 2003-இல் ஜான் வீக்லி என்பவர் 'லெட்ஜர்' என்ற இலவச நிரலை வெளியிட்டார். பேரேடு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதைப் பின்பற்றி 2007-இல் சைமன் மைக்கேல் 'எச்-லெட்ஜர்' என்பதைத் தொடங்கினார். மார்ட்டின் பிளே எழுதிய 'பீன்கவுன்ட்' என்பதும் இதே வகை. மூன்றுக்கும் விலை கிடையாது; வருடச் சந்தாவும் கிடையாது. நாம் நோட்பேடில் எழுதி வைக்கும் குறிப்பேட்டை இவை படிக்கும், கூட்டிச் சொல்லும். நம் ஃபைலைத் தன்னுடைய பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொள்ளாது.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

2025-04-03 வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து
    சொத்து:வீட்டு ரொக்கம்    ₹15000
    சொத்து:கடை முதல்    ₹-15000

2025-04-05 வீட்டுக்கு அரிசி மூட்டை, அசல் விலைக்கு
    செலவு:வீடு:மளிகை    ₹1400
    சொத்து:கடை முதல்    ₹-1400

எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கே கூட்டல். எங்கிருந்து வந்ததோ அங்கே கழித்தல். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் நிரல் உடனே முறையிடும். கணக்குப் படித்தவரும் படிக்காதவரும் இதைப் பார்த்தவுடனே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு சிறு விஷயங்களில் கவனம் வேண்டும். தலைப்புக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும். ஒன்று விட்டால் தொகையையும் தலைப்பின் பகுதி என்றே நிரல் எடுத்துக்கொள்ளும். அடுத்தது, தொகையில் காற்புள்ளி போடாதீர்கள். 1,500 என்று எழுதினால் எச்-லெட்ஜர் அந்தக் காற்புள்ளியைத் தசமப் புள்ளியாகப் படித்து ஒன்றரை ரூபாய் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 1500 என்றே எழுதுங்கள்.

பூட்டிய பெட்டிகள்

"இதற்கு ஏன் இவ்வளவு பாடு? நல்ல சாஃப்ட்வேர் எத்தனையோ இருக்கிறதே" என்று கேட்கலாம். கடைக்கு நல்ல சாஃப்ட்வேர் வேண்டும், அதில் மறுப்பில்லை. சொந்தக் கணக்கு இருபது, முப்பது வருடம் நிற்க வேண்டியது. அவ்வளவு காலம் எந்தக் கம்பெனி இருக்கும், எந்தப் பொருளை விற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றான மைக்ரோசாஃப்ட், வீட்டுக் கணக்குக்கென்று விற்றுவந்த 'மணி' என்ற நிரலின் விற்பனையை 2009-இல் நிறுத்திவிட்டது. வியாபாரிகள் பலர் பயன்படுத்திய 'குவிக்புக்ஸ்' 2023-இல் இந்தியாவில் சேவையை முடித்துக்கொண்டது. அந்தந்தக் கம்பெனிக்கு அதற்கான நியாயம் இருக்கலாம். லாபம் இல்லாத சரக்கை நாமும்தான் வாங்கி வைப்பதை நிறுத்துகிறோம். ஆனால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவது சுலபம். பத்து வருடக் கணக்கு வேறு பெட்டிக்குப் போவது சுலபமல்ல.

தமிழில் எழுதியவர்களுக்கு இந்த வேதனை இன்னும் நன்றாகத் தெரியும். 1990-களில் தமிழ் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீட்டை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் திரையில் ஏதோ கோடும் கொம்பும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று யூனிகோடில் எழுதியது எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்தச் செல்போனிலும் தமிழாகவே தெரிகிறது. ஆகவே ஃபைலைச் சேமிக்கும்போது 'யூ.டி.எஃப்-8' என்ற முறையில் சேமியுங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸில் நோட்பேட் தானாகவே யூ.டி.எஃப்-8-இல் சேமிக்கிறது.

ஃபைல்களை அடுக்கும் முறை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுவது சுலபம். அதனாலேயே பலர் பத்து ஃபைல், இருபது ஃபைல் என்று போட்டுக்கொண்டே போவார்கள். ஆறு மாதத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'கணக்கு', 'கணக்கு புதியது', 'கணக்கு கடைசி', 'கணக்கு கடைசி 2' என்று நான்கு ஃபைல் இருந்தால், நான்கையும் நம்ப முடியாது.

முதல் கேள்வி, ஃபைலை எதை வைத்துப் பிரிப்பது? இயல்பாகத் தோன்றுவது பாங்க் வாரியாகப் பிரிப்பது. ஒரு பாங்க்குக்கு ஒரு ஃபைல், இன்னொரு பாங்க்குக்கு இன்னொன்று, ரொக்கத்துக்கு ஒன்று. இது தவறான வழி என்பதே எம் கருத்து. ஒரு பாங்க்கிலிருந்து இன்னொரு பாங்க்குக்கு ரூ.10,000 மாற்றினால் அதை எந்த ஃபைலில் எழுதுவது? இரண்டிலும் எழுதினால் இரு முறை ஏறும். ஒன்றில் மட்டும் எழுதினால் மற்றதில் தேடிக் களைத்துப் போவோம். பாங்க் வாரியாக, ஆள் வாரியாகப் பிரிப்பது பேரேட்டின் வேலை. அதைத்தான் நிரல் செய்கிறதே! நாம் எழுதுவது குறிப்பேடு. குறிப்பேட்டுக்குத் தேதிதான் வரிசை.

ஆகவே வருடத்துக்கு ஒரு ஃபைல், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒன்று என்றும் பிரிக்கத் தேவையில்லை. மாதம் நூறு பதிவு எழுதினாலும் வருடத்துக்கு ஆயிரத்து இருநூறுதான். அந்த ஃபைல் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ஒரே ஃபைலில் இருந்தால் 'நகைக் கடன்' என்று தேடினால் வருடம் முழுவதும் வந்துவிடும்.

வருடம் என்றால் எந்த வருடம்? முன்பெல்லாம் சிலர் சித்திரையிலும் சிலர் தீபாவளியிலும் கணக்கை மாற்றினார்கள்; வருமான வரிக்கும் அவரவர் கணக்கு வருடம் செல்லுபடியானது. 1989 ஏப்ரல் முதல் எல்லாருக்கும் மார்ச் 31-தான் வருட முடிவு என்று ஆகிவிட்டது. எனவே சொந்தக் கணக்கையும் ஏப்ரல் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வதே வசதி. ஆடிட்டர் கேட்கும்போது ஒரே ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். பூஜை நாளில் மஞ்சள் தடவிப் புது நோட்டு போடும் வழக்கத்துக்கு இது தடையல்ல.

'கணக்கு' என்று ஒரே ஒரு ஃபோல்டர் போதும். அதற்குள் இருக்க வேண்டியவை இவை:

1. முதன்மை. இந்த ஃபைலில் கணக்கு எதுவும் இராது. எந்தெந்த ஃபைல்களைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும் இருக்கும். 'இன்க்ளூட்' என்ற கட்டளைச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஃபைலின் பெயரைப் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு வரி கூடும். நிரலுக்கு இந்த ஒன்றைக் காட்டினால் எல்லா வருடத்தையும் சேர்த்துப் படித்துவிடும்.

2. தலைப்புகள். நாம் பயன்படுத்தும் எல்லாத் தலைப்புகளின் பட்டியல். இது இல்லாவிட்டால் ஒரு மாதம் 'மின்சாரம்' என்றும் அடுத்த மாதம் 'கரண்ட் பில்' என்றும் எழுதி, ஒரே செலவு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். பட்டியலில் இல்லாத தலைப்பு வந்தால் சொல்லும்படி நிரலுக்குக் கட்டளையிடலாம். எது சொத்து, எது கடன், எது செலவு என்பதையும் இங்கேயே குறித்துவிட வேண்டும். தலைப்பு தமிழில் இருக்கும்போது எச்-லெட்ஜர் அதைத் தானாக ஊகித்துக்கொள்ளாது. முப்பது தலைப்புக்கு மேல் வேண்டாம். கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் தனித்தனித் தலைப்பு போட்டவர் மூன்றாவது மாதம் எழுதுவதை விட்டுவிடுவார்.

3. 2024-25, 2025-26 என்று வருட ஃபைல்கள். நாம் கை வைத்து எழுதுவது நடப்பு வருடத்தை மட்டுமே. முடிந்த வருடத்தைத் தொடக்கூடாது.

4. வங்கி. பாங்க்கிலிருந்து இறக்கும் ஸ்டேட்மென்ட்கள், வந்தது வந்தபடியே. இதில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். இது சாட்சி, சாட்சியைத் திருத்தக்கூடாது.

5. ரசீது. பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், நகைக் கடன் சீட்டு, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் படங்கள். பெயர் '2025-06-10 பள்ளிக் கட்டணம்' என்று வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும். அப்படி வைத்தால் ஃபோல்டரைத் திறந்தவுடன் தேதி வரிசையில் தானாக நிற்கும். '10-6-25' என்று வைத்தால் பத்தாம் தேதிகள் எல்லாம் ஒன்றாகக் கூடிக்கொள்ளும்.

6. வாரிசுக்கு. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

மாதம் ஒரு முறை ஒரு வேலை செய்ய வேண்டும். பாஸ்புக் இருப்பும் நம் ஃபைல் காட்டும் இருப்பும் ஒன்றா என்று பார்ப்பது. பதிவின் தொகைக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, 'இன்றைய இருப்பு இவ்வளவு' என்று எழுதிவிடலாம். அப்புறம் யாராவது பழைய பதிவைத் தெரியாமல் மாற்றினாலும், இருப்பு பொருந்தவில்லை என்று நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

முன்னிருப்பில் கவனம்

புது நோட்டு போடும்போது முதல் பக்கத்தில் முன்னிருப்பு எழுதுவது நம் கை பழகிய வழக்கம். டெக்ஸ்ட் ஃபைலில் இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதன்மை ஃபைல் எல்லா வருடத்தையும் சேர்த்துப் படிக்கும் என்று சொன்னோம் அல்லவா? பழைய வருடத்தின் பதிவுகளும் உள்ளே இருக்கின்றன. புது வருடத்தின் தலையில் முன்னிருப்பும் இருக்கிறது. பாங்க்கில் ரூ.50,000 இருந்தால் நிரல் ஒரு லட்சம் என்று காட்டும். இருப்பு இரட்டிப்பானதைக் கண்டு மகிழ்ந்துவிடக்கூடாது.

வழி இரண்டு உண்டு. எழுதத் தொடங்கிய முதல் வருடத்தில் மட்டும் முன்னிருப்பு போட்டு, பின் வருடங்களில் எதுவும் போடாமல் தொடர்வது ஒன்று. ஒவ்வொரு மார்ச் 31-லும் முடிப்புப் பதிவு போட்டு எல்லா இருப்பையும் பூஜ்யமாக்கி, ஏப்ரல் 1-இல் தொடக்கப் பதிவு போடுவது இன்னொன்று. பின்னதில் ஒவ்வொரு வருட ஃபைலும் தனித்து நிற்கும். ஆனால் இரண்டு பதிவும் ஜோடியாக இருக்க வேண்டும். சிறு வியாபாரிக்கு முதல் வழியே போதும்.

சில ஐயங்கள்

"டெக்ஸ்ட் ஃபைலை யார் வேண்டுமானாலும் திருத்தலாமே?" உண்மைதான். அதனால்தான் கடையின் சட்டபூர்வக் கணக்குக்கு இதைச் சிபாரிசு செய்யவில்லை. ஜி.எஸ்.டி. விதிகளின்படி கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்கில் திருத்தியதற்கும் நீக்கியதற்கும் பதிவு இருக்க வேண்டும். ஆண்டு ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்கவும் வேண்டும். பதிவுபெற்ற கம்பெனிகள் 2023 ஏப்ரல் முதல் திருத்தத் தடம் காட்டும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். கடைக்கு ஆடிட்டர் சொல்லும் சாஃப்ட்வேர். சொந்தக் கணக்குக்கு நம் குறிப்பேடு. சொந்தக் கணக்கிலும் தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப் பதிவு போட்டுச் சரிசெய்வதே நல்ல பழக்கம். கடைச் சரக்கை வீட்டுக்கு எடுப்பதில் உள்ளீட்டு வரி பற்றிய கேள்வியும் உண்டு. அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எக்செல் போதாதா?" ஒரு பக்கக் கணக்குக்குப் போதும். ஆனால் யாராவது ஒரு கட்டத்தில் கை தவறி எண்ணை அழித்துவிட்டால் அது முறையிடாது. கூட்டல் மட்டும் மாறியிருக்கும்.

"இந்த நிரலை ஓட்டக் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டுமாமே?" ஆம், முதலில் சற்றுச் சங்கடம்தான். கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒரு மாலையில் அமைத்துக் கொடுத்துவிடுவான். அதற்கப்புறம் மூன்று, நான்கு கட்டளைதான். நிரலே இல்லாவிட்டாலும் ஃபைலைத் திறந்து கண்ணால் படிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

"நோட்டில் எழுதினால் ஆகாதா?" தாராளமாக எழுதுங்கள், எழுதாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் வெள்ளம் புகுந்ததை மறந்துவிட முடியுமா? தண்ணீரில் ஊறிய நோட்டுக்கு நகல் கிடையாது. டெக்ஸ்ட் ஃபைலை வாரம் ஒரு முறை பென்டிரைவில் ஒரு நகல், வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு நகல் என்று வைத்துவிடலாம். பிறர் கண்ணில் படக்கூடாது என்றால் பென்டிரைவுக்குப் பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வாரிசுக்கு ஒரு தாள்

இப்போது ஆறாவதாகச் சொன்ன ஃபைலுக்கு வருவோம். சொல்லக் கசப்பான விஷயம்; ஆனாலும் சொல்ல வேண்டும். கடைக்காரர் திடீரென்று கண்ணை மூடிவிட்டால், கொடுக்க வேண்டியவர்கள் மறுநாளே வாசலுக்கு வருவார்கள். கொடுக்கல் பாக்கி உள்ளவர்கள் பலர் வரமாட்டார்கள். "எல்லாம் மனசிலே இருக்கிறது" என்றவரின் மனசு அவரோடு போய்விடுகிறது. எவ்வளவு நியாயமான கடன், எவ்வளவு சும்மா சொல்வது என்று அந்த வீட்டு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

கடன் நோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம் என்பது நமக்கெல்லாம் தெரியும். பீரோவில் கிடக்கும் நோட்டைக் குடும்பத்தார் நான்காவது வருடம் கண்டெடுத்தால் அது வெறும் காகிதம்தான். பாங்க்கில் பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. உரியவர்கள் கேட்டால் திரும்பக் கிடைக்கும். தேடுவதற்கென்றே 2023-இல் 'உத்கம்' என்ற இணையவாசலையும் ரிசர்வ் வங்கி திறந்தது. ஆனால் அப்படி ஒரு டெபாசிட் இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடத் தோன்றும்?

எனவே 'வாரிசுக்கு' என்ற ஃபைலில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்தெந்த பாங்க்கில் கணக்கு, நாமினி யார், இன்சூரன்ஸ் பாலிசி எத்தனை, சீட்டு எங்கே, நகை எந்த பாங்க்கில், கடன் நோட்டுகள் எந்தத் தேதியில் எழுதியவை, கடைக்கு அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறோம், ஆடிட்டர் யார், முதன்மை ஃபைலை எப்படித் திறப்பது. இவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை அதை அச்செடுத்து, வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். கணக்கு எழுதியதன் பலன் முழுதாகக் கிடைப்பது அந்த நாளில்தான்.

முடிவாக ஒன்று

எந்த நிரல் சிறந்தது என்று வாதம் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை. நிரல் வரும், போகும். நாம் தமிழில் தேதி வரிசைப்படி எழுதிய குறிப்பேடு நிற்கும். அதற்கு வேண்டியது ஒரு ஃபோல்டர், வருடத்துக்கு ஒரு ஃபைல், நாள்தோறும் கடை சாத்தியபின் பத்து நிமிடம். வீட்டுக்கென்று தனி பாங்க் கணக்கு இல்லாதவர்கள் அதை முதலில் தொடங்குங்கள். சங்கமும் தன் பங்குக்கு, மாதக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, விவரம் தெரிந்த இளைஞர்களைக் கொண்டு உறுப்பினர்களுக்கு இதைச் செய்து காட்டினால் நல்லது. தலைப்புப் பட்டியலைத் தமிழில் ஒரு முறை தயாரித்துக் கொடுத்தால் போதும். மற்றதை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கும் நாம், நம் வீட்டுக்குப் போவதையும் ஒரு முறை அளந்து பார்ப்போம். வரும் ஏப்ரல் முதல் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று கையில் உள்ள இருப்பை எழுதி இன்றே தொடங்கலாம்.